பழைய நாணயம் வாங்கும்போது தரம், தோற்றம், விலை: எதை முதலில் பார்ப்பது?

உயர்ந்த தரம் என்று வியாபாரி சொல்லும் வெள்ளி ரூபாயை அதிக விலைக்கு வாங்குவதா, கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் கண்ணுக்குப் பிடித்ததைக் குறைந்த விலைக்கு வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். என் வரிசை: முதலில் கண், அடுத்து தரம், கடைசியில் விலை. ஆனால் அந்தக் கண்ணைப் பழக்குவதற்கு எனக்குச் சில ஆண்டுகளும் ஒரு நல்ல தொகையும் செலவாயின.

2012இல் ஒரு நாணயக் கண்காட்சியில் 1901ஆம் ஆண்டு விக்டோரியா ரூபாய் ஒன்றை 2,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அன்றைய நிலவரத்தில் அதில் இருந்த வெள்ளியின் மதிப்பு 600 ரூபாய்ச் சொச்சம்தான். புழக்கத்துக்கே போகாத காசு என்றார் விற்றவர். புது வெள்ளிக் கிண்ணம் போலப் பளபளத்ததால் நானும் நம்பிவிட்டேன். வெளியே வந்து, பல ஆண்டுகளாகச் சேர்த்துவரும் ஒரு பெரியவரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் வெயிலில் ஒரு முறை சாய்த்துப் பார்த்துவிட்டு, "நன்றாகக் குளித்துவிட்டு வந்திருக்கிறது தம்பி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அவர் பார்த்தது இதுதான். அச்சு ஓங்கி அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஒழுகுகிறது. அந்த ஓட்டம் மயிரிழையைவிட மெல்லிய கோடுகளாக மேற்பரப்பில் தங்கிவிடும். அப்படிப்பட்ட காசை ஒற்றை விளக்கின் கீழ் மெதுவாகச் சுழற்றினால் ஒளி விசிறி மடிப்புப் போலச் சுற்றி வரும். இது மினுமினுப்பு. தேய்த்துத் துலக்கிய காசில் அந்தக் கோடுகள் போய்விடும். ஒளி ஓரிடத்தில் அறைந்தாற்போல நிற்கும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் ஒரே பக்கமாக ஓடும் கீறல்களும் தெரியும். இது பளபளப்பு. என் 1901 இரண்டாவது வகை. போன மினுமினுப்பை எந்த மருந்தும் திருப்பித் தராது.

நம் பக்கம் கிடைக்கும் காசுகளில் இந்தக் குறை அதிகம். வெள்ளி என்றால் விபூதி, செம்பு என்றால் புளி என்பது வீட்டு வழக்கம். காசையும் குத்துவிளக்கையும் ஒரே கையால்தான் துலக்கியிருப்பார்கள். இன்னொன்று, காசுமாலை. வளையம் வைத்துக் கோத்திருந்த ரூபாயிலிருந்து வளையத்தை அறுத்துவிட்டு விற்பார்கள். விளிம்பின் பல்வரிசையில் ஓரிடம் மட்டும் மழுங்கி, நிறம் மாறியிருந்தால் அது தட்டான் பொடி வைத்து ஊதி வளையத்தைப் பற்றவைத்த தழும்பு. இரண்டு பக்கமும் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நான் அதைத் தொடுவதில்லை. காசைக் கையில் வாங்கியதும் முதலில் விளிம்பை ஒரு சுற்றுப் பாருங்கள். நிறைய பேர் பார்ப்பதே இல்லை.

இனி தரம். இன்று எல்லாரும் சொல்லும் 1 முதல் 70 வரையிலான அளவுகோலை 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் அவர்கள் நாட்டுப் பழைய ஒரு சென்ட் செம்புக் காசுகளுக்காக வகுத்தார். அடிமட்டக் காசின் விலையைப் போல எத்தனை மடங்கு பெறும் என்பதே அந்த எண். அதாவது, எண் பிறந்ததே விலை சொல்வதற்காக. விலைக் கணக்கு வெகு காலம் முன்பே பொய்த்துப்போனது. எண் மட்டும் நின்றுவிட்டது. அது சொல்வது பெரும்பாலும் தேய்மானத்தையும் அடிபட்ட தடங்களையும்தான். காசு அழகாக இருக்கிறதா என்பதற்கு அதில் முழுப் பதில் கிடையாது.

தேய்மானத்தை எங்கே பார்ப்பது என்பது காசுக்குக் காசு மாறும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் நான் முதலில் தேடுவது அரசரின் அங்கியில் உள்ள குட்டி யானையை. 1911இல் வந்த முதல் வடிவத்தில் தும்பிக்கை குட்டையாக அமைந்து, பார்ப்பவர்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பவே 1912இல் யானையைத் திருத்தினார்கள். அதனால்தான் 1911க்கு 'பன்றி ரூபாய்' என்று பெயரும் தனி விலையும். ஆனால் அங்கி சீக்கிரம் தேய்ந்துவிடும் பகுதி. ஆண்டு தெளிவாக இருந்து விலங்கு வெறும் மேடாகிப்போன 1911 காசுகளுக்கும் அந்தக் கூடுதல் விலையைக் கேட்கிறார்கள். எந்தக் கதைக்காகப் பணம் கொடுக்கிறோமோ அதுவே காசில் இல்லை என்றால் எதற்கு வாங்குவது?

தரமும் தோற்றமும் ஒன்றல்ல என்று எனக்குப் புரியவைத்தது ரூபாய் அல்ல, சென்னை மாகாணத்துக்காக அடித்த 20 காசு. (நம் 'காசு' என்ற சொல் போர்த்துகீசியர் வாய் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், 'கேஷ்' ஆகி அந்தக் காசின் மீதே திரும்பி வந்தது.) இங்கிலாந்தின் சோஹோ ஆலையில் 1808இல் அடித்த இந்தச் செம்புக் காசுகளைப் பீப்பாய்களில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல், 1809 ஜனவரியில் கென்ட் கரையோர மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் லட்சக்கணக்கான காசுகளை மேலே எடுத்தார்கள். ஒருவர் கையும் படாத காசுகள். தேய்மானம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பீப்பாய்க்குள் பத்திரமாக இருந்தவை இன்றும் நேற்று அடித்தவை போல இருக்கின்றன. உப்புநீர் பட்டவையோ அரித்து, அம்மைத் தழும்பு விழுந்த முகமாகிவிட்டன.

என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று கடலில் கிடந்தது: எழுத்து முழுமை, சிங்கங்களின் பிடரிகூடத் தெரிகிறது, ஆனால் தடவினால் உப்புத்தாள். மற்றொன்று சென்னைக்கு ஒழுங்காக வந்து சேர்ந்து கைமாறிக் கைமாறித் தேய்ந்தது: சிங்கங்கள் சப்பையாகிவிட்டன, ஆனால் பனங்கருப்பட்டி நிறம் மேடு பள்ளம் எல்லாம் ஒரே சீராகப் படிந்திருக்கிறது. தேய்மானத்தை மட்டும் எண்ணினால் முதலாவது பல படி மேலே. வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் எடுப்பது எப்போதும் இரண்டாவதைத்தான். விலையும் அதற்குத்தான் குறைவாகக் கொடுத்தேன்.

விலைக்கு வந்தால், வெள்ளி ரூபாய்க்குத் தரைமட்டம் ஒன்று உண்டு. எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. நம் வீடுகளில் 'ரூபாய் எடை' என்று அளந்தது இதைத்தான். வெள்ளி 91.7 சதவீதம் என்பதால் சுத்த வெள்ளி 10.69 கிராம் வரும். (1940 முதல் ரூபாயில் வெள்ளி பாதிதான், அதற்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள்.) அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பார்த்துவிட்டு, அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் எதற்காக என்று கேட்டுக்கொள்கிறேன். அபூர்வ ஆண்டு என்றால், உதாரணமாக 1939, தராசில் வைக்காமல் பேச்சே இல்லை, போலிகள் அதிகம். சாதாரண ஆண்டு என்றால் மினுமினுப்புக்கு மட்டும்தான் கூடுதல் பணம். ஒரு படி உயர விலை இரட்டிப்பாகிறது, ஆனால் லென்ஸ் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும் என்றால் நான் கீழ்ப்படியோடு நின்றுவிடுவேன். வியாபாரியிடம், "இதையே அடுத்த மாதம் கொண்டுவந்தால் எவ்வளவுக்கு எடுத்துக்கொள்வீர்கள்?" என்றும் கேட்டுப் பாருங்கள். அவர் தயங்கும் நேரத்திலேயே விலை தெரிந்துவிடும்.

வாங்கிய பிறகு பிவிசி பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கவே வைக்காதீர்கள். சில ஆண்டுகளில் பச்சையாகப் பிசுபிசுத்துக் காசைத் தின்றுவிடும். நான் இரண்டைப் பறிகொடுத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் பரம்பரையாக வந்த ஏழாம் எட்வர்ட் ரூபாய் ஒன்று உண்டு, 1907. வரலட்சுமி நோன்புக் கலசத்தில் போடும் காசு. இவ்வளவும் தெரிந்த பிறகு அதையாவது காப்பாற்றலாம் என்று போன ஆண்டு அம்மாவிடம் மினுமினுப்பு, பளபளப்பு எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, விபூதி டப்பாவை எடுத்துவரச் சொன்னார்.