‘படத்தில் காண்க’ – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் பி.எட். மாணவி. ‘உள்ளடக்கிய பள்ளியை உருவாக்குதல்’ என்று எங்களுக்கு ஒரு தாளே இருக்கிறது. எங்கள் வகுப்பில் பார்வையற்ற தோழி ஒருவர் படிக்கிறார். விடுதியிலிருந்து கைபிடித்து அழைத்து வருவது முதல் குறிப்புகளை வாசித்துக் காட்டுவது வரை முறைவைத்துச் செய்கிறோம். ஆயினும் அவர் எங்களோடு ஒட்டாமலே இருக்கிறார். சென்ற வாரம், ஒவ்வொரு கற்பித்தல் திறனையும் தனியே சில நிமிடப் பாடமாக எடுத்துப் பழகும் நுண்ணிலைக் கற்பித்தலில் கரும்பலகைத் திறனுக்கான மதிப்பெண் அவருக்குக் குறைந்துவிட்டது. ஆறுதல் சொல்லப் போனபோது முகம்கொடுக்காமல் எழுந்து போய்விட்டார். நாங்கள் எங்கே தவறினோம்?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள மாணவிக்கு,

அந்த மதிப்பெண் முறையானதுதானா என்று உங்களில் ஒருவராவது பேராசிரியரிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

எழுத்தின் அளவு, வரிகள் கோணாமல் செல்வது, பலகையை மறைக்காமல் நிற்பது என்று கரும்பலகைத் திறனுக்கு நாம் மதிப்பெண் போடுவதெல்லாம், பாடத்தின் சாரம் மாணவரின் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத்தான். ஒரு மாணவரை எழுதச் சொல்லி, இன்னொருவரை வாசிக்கச் சொல்லிப் பிழை திருத்துகிற ஆசிரியரும் அதையே சாதிக்கிறார். சொல்லப்போனால் வகுப்பு முழுவதையும் விழிப்பாக வைத்திருக்கிறார். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் கொண்டிருக்க, 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக விரித்ததோடு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களையும் அவர்களுக்கு ஒதுக்கச் சொன்னது. இடம் கிடைத்துவிட்டது, மதிப்பீட்டுப் படிவம் மட்டும் பார்வையுள்ளவருக்கென்று அச்சடித்தபடியே இருக்கிறது.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் என் அறைத்தோழர் பார்வையற்றவர். அவருக்காக ஓர் உளவியல் நூலை ஒலிநாடாவில் வாசித்துப் பதிந்து கொடுத்து, பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பில் இருந்தேன். கேட்டு முடித்த அவர், “‘படத்தில் காண்க’ என்று எட்டு இடத்தில் வாசித்திருக்கிறீர்கள். படத்தில் என்ன இருக்கிறது?” என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நன்றி சொல்லாமல் குறை சொல்கிறாரே என்று இரண்டு நாள் பேசவில்லை. பிறகுதான் அந்த எட்டுப் படங்களையும் முதன்முறையாக உற்றுப் பார்த்தேன். வாயால் விவரிக்க முடியாத அளவுக்கு, அவற்றில் நான்கு எனக்கே புரிந்திருக்கவில்லை.

உங்கள் ஏற்பாட்டில் தோழி எப்போதும் வாங்குகிறவராகவே இருக்கிறார். உங்கள் பாடக்குறிப்பை அவரிடம் வாசித்துக் காட்டி, எங்கே தொய்கிறது என்று கேட்டதுண்டா? அடுத்த முறை பாடம் எடுக்கும்போது எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதிப் பாருங்கள். கடைசி பெஞ்சுக்காரருக்கும் அது உதவும். மதிப்பெண் விஷயமாகப் பேராசிரியரைப் பார்க்க வேண்டுமென்றால், தோழியிடம் கேட்டுவிட்டு அவரோடு சேர்ந்தே போங்கள். வழியில் நீங்களாக அவர் கையைப் பற்ற வேண்டாம். வேண்டுமானால் அவரே உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்வார்.