இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு எந்த இன நாய் பொருந்தும்?

வீட்டில் இருவருக்கும் வேலை, எட்டு வயதில் ஒரு மகள், அடுக்குமாடிக் குடியிருப்பு, இதுவரை நாய் வளர்த்த அனுபவம் கிடையாது, மகளுக்கு ஹஸ்கி மீது ஆசை, உங்களுக்கோ அது பிள்ளையைக் கடித்துவிடுமோ என்ற பயம். இந்த நிலையில் எந்த இனத்தைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக நாய்களோடு வாழ்ந்துவரும் அனுபவத்தில் என் பதில் இதுதான்: ஹஸ்கி வேண்டாம். குட்டியும் வேண்டாம் என்பதே என் கருத்து. இரண்டு வயதைத் தாண்டிய, குழந்தைகளோடு பழகிய, நிதானமான சுபாவமுள்ள ஒரு நாயைத் தேடுங்கள். அது எந்த இனமாக இருந்தாலும், கலப்பினமாகவே இருந்தாலும், உங்கள் வீட்டுக்கு அதுவே பொருந்தும். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நாய் இனங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வேலைக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்டவை. அந்த வேலை இன்று இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் அதற்கான உந்துதல் நாயின் உடம்பை விட்டுப் போவதில்லை. சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் வாழும் சுக்சி மக்கள் பனியில் வண்டி இழுப்பதற்காக வளர்த்த நாய்களின் வழிவந்ததே ஹஸ்கி. 1925-ல் அலாஸ்காவின் நோம் நகரத்தில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பனிவழியில் நாய் வண்டிகள்தான் தொடர் ஓட்டமாக மருந்தைக் கொண்டு சேர்த்தன. அவற்றை இழுத்த நாய்களில் இந்த இனத்தவையும் இருந்தன. அப்படி ஓடப் பிறந்த ஒரு விலங்கு காலையில் பத்து நிமிடம் தெருமுனை வரை நடந்துவிட்டுப் பகல் முழுவதும் பூட்டிய வீட்டுக்குள் இருந்தால், அது சோபாவைக் கிழிக்கும், ஊளையிடும், கதவு திறந்த நொடியில் பறந்துவிடும். இதைக் கெட்ட குணம் என்று சொல்வது அந்த நாய்க்குச் செய்யும் அநியாயம். அடர்ந்த இரட்டை ரோமம் வெப்பமான ஊரில் அதற்கு எவ்வளவு சுமையாகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

உறவினர் ஒருவரின் வீட்டில் பார்டர் கோலி இனத்து நாய் ஒன்று இருக்கிறது. ஆட்டு மந்தையை மேய்க்க உருவாக்கப்பட்ட இனம். கூடத்தில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடத் தொடங்கினால் போதும், அது வயிறு தரையில் படும்படி பதுங்கி, கண் இமைக்காமல் அவர்களையே பார்க்கும். பிறகு சரேலென்று சுற்றி வந்து, கூட்டத்திலிருந்து பிரிந்து ஓடும் பிள்ளையின் குதிகாலை முன்பற்களால் கவ்வி இழுக்கும். காயம் எதுவும் இருக்காது. கால்சட்டையின் ஓரம் மட்டும் எச்சிலில் நனைந்திருக்கும். நாய்க்கு மூர்க்கம் ஏறிவிட்டது என்று எண்ணி, வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றே வீட்டார் நினைத்தார்கள். அது தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. ஒளித்துவைத்த பொம்மையைத் தேடி எடுப்பது, பெயர் சொன்ன பொருளைக் கொண்டுவருவது என மூளைக்கு வேலை கொடுக்கும் பயிற்சிகளை நாள்தோறும் செய்யவைத்து, பிள்ளைகள் ஓடும் நேரத்தில் அதை வேறு அறையில் வைக்கத் தொடங்கியதும் அந்தப் பழக்கம் பெருமளவு குறைந்துவிட்டது. பீகிள் நாய் மோப்பம் பிடித்த வழியில் கூப்பிடக் கூப்பிடக் காது கேளாததுபோல் போவதற்கும், டெரியர் வகை நாய்கள் மண்ணைத் தோண்டுவதற்கும், சிப்பிப்பாறை, கன்னி, கிரேஹவுண்ட் போன்ற வேட்டை நாய்கள் ஓடும் பூனையைக் கண்டதும் வாரை உதறிக்கொண்டு பாய்வதற்கும் இதே விளக்கம்தான்.

அதற்காக இனத்தின் பெயரை வைத்தே ஒரு நாயின் குணத்தை முழுவதுமாகக் கணித்துவிடலாம் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2022-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் கேட்டறிந்த விவரங்களையும், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுத் தொகுதிகளையும் ஒப்பிட்டார்கள். நாய்க்கு நாய் குணத்தில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை மட்டுமே இனம் விளக்குகிறது என்று தெரியவந்தது. ஆகவே இனத்தைப் பார்ப்பது தவறில்லை. ஆனால் உங்கள் எதிரில் நிற்கும் அந்த ஒரு நாயைப் பார்ப்பது அதைவிட முக்கியம். வளர்ந்த நாயை நான் பரிந்துரைப்பதற்கு இதுவே முதல் காரணம். குட்டியின் குணத்தை ஊகிக்கத்தான் முடியும்; இரண்டு வயது நாயின் குணத்தைக் கண்ணால் பார்க்கலாம்.

உடல்நலம் குறித்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். சப்பை மூக்குள்ள பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற இனங்களில் பல நாய்கள் வாழ்நாள் முழுவதும் மூச்சுக்குத் திணறுகின்றன. நாய்க்கு வியர்வை பெரும்பாலும் பாதங்களில் மட்டுமே சுரப்பதால், அது நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் உடலைக் குளிர்வித்துக்கொள்ள வேண்டும். மூச்சுக்குழாய் குறுகிய நாய்க்கு அந்த வழியும் பாதி அடைபட்டுவிடுகிறது. அது குறட்டை விடுவது அழகு என்று சொல்பவர்களை நான் ஏற்பதில்லை. லாப்ரடாருக்கு எவ்வளவு தின்றாலும் பசி அடங்காதது பழக்கத்தால் மட்டுமே வருவதல்ல: அந்த இனத்தில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசியோடு தொடர்புடைய ஒரு மரபணுவில் குறைபாடு இருப்பதாக 2016-ல் கண்டறிந்தார்கள். ஆகவே அந்த இனத்தை எடுப்பவர்கள் தீனியை அளந்தே வைக்க வேண்டும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு இரண்டிலும் இடுப்பு மூட்டுக் கோளாறு வரக்கூடும் என்பதால், தாய் தந்தை நாய்களின் மூட்டு எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் வாங்காதீர்கள்.

குட்டி வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இரண்டாவது காரணம் உங்கள் நேரம். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் அதை வெளியே கொண்டுபோய், சரியான இடத்தில் கழித்த அந்த நொடியிலேயே பாராட்டித் தின்பண்டம் கொடுத்தால்தான் அது பழகும்; வீட்டுக்குள் வந்தபிறகு கொடுத்தால் எதற்காகக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. தரையை முகர்ந்துகொண்டே ஒரே இடத்தில் வட்டமடிக்கத் தொடங்கிவிட்டால், தூக்கிக்கொண்டு ஓட உங்களுக்குச் சில விநாடிகளே இருக்கும். இந்த வேலையைக் காலையும் மாலையும் மட்டும் செய்து பயனில்லை.

மூன்றாவது காரணத்தைத்தான் பலரும் யோசிப்பதில்லை. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை குட்டியின் மனம் புதியவற்றை அச்சமின்றி ஏற்கும் காலம். அந்த வாரங்களில் குழந்தைகளையும், தாடி வைத்தவர்களையும், குடை பிடித்தவர்களையும், மின்தூக்கியையும், மிக்ஸி ஓசையையும், மற்ற நாய்களையும் நல்லவிதமாகச் சந்தித்த குட்டி, வளர்ந்தபின் அவற்றைக் கண்டு மிரள்வது அரிது. அப்படிச் சந்திக்காத குட்டி பிற்காலத்தில் அச்சத்தால் குரைக்கும், அச்சத்தாலேயே கடிக்கவும் செய்யும். தடுப்பூசித் தொடர் முடிவதற்குள் இந்தக் காலமே முடிந்துவிடும் என்பதுதான் சிக்கல். அதனால் குட்டி வளர்ப்பவர்கள் மற்ற நாய்கள் புழங்கும் இடத்தில் அதைத் தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு ஊரைக் காட்ட வேண்டும். தடுப்பூசி போட்ட ஆரோக்கியமான நாய்களோடு மட்டும் பழகவிட வேண்டும். பகல் முழுவதும் பூட்டிய வீட்டில் தனியே கிடக்கும் குட்டிக்கு இந்த வாய்ப்பு எப்படிக் கிடைக்கும்?

இனி, கடி குறித்த உங்கள் பயம். நாய் முன்னறிவிப்பின்றிக் கடித்துவிட்டது என்று சொல்லப்படும் பெரும்பாலான சமயங்களில் அறிவிப்பு இருந்தே இருக்கிறது. நாம்தான் கவனித்திருக்க மாட்டோம். பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது நாய் முகத்தை வேறு பக்கம் திருப்புவது, உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, பிறகு உடம்பு முழுவதும் கட்டைபோல் விறைத்துப்போவது ஆகிய யாவும் "என்னை விட்டுவிடு" என்று அது சொல்லும் விதங்கள். வால் ஆடுகிறது என்பதால் அது மகிழ்ச்சியாக இருக்கிறது என்று எண்ணக் கூடாது. விறைத்த உடம்போடு வாலை உயர்த்தி வேகமாக ஆட்டும் நாயிடம் நெருங்காமல் இருப்பதே நல்லது. இவ்வளவும் சொல்லிப் பார்த்தபிறகுதான் அது உறுமுகிறது. உறுமும் நாயை அடிக்காதீர்கள். அடித்தால் அச்சம் அப்படியே இருக்கும், உறுமல் மட்டும் நின்றுவிடும். அடுத்த முறை அது நேராகக் கடிக்கத்தான் செய்யும். உறுமினால் பிள்ளையை அமைதியாக அழைத்துக்கொண்டு விலகுங்கள். எது அதைத் தொந்தரவு செய்தது என்று பிறகு யோசியுங்கள்.

உங்கள் மகளிடம் மூன்று விதிகளைச் சொல்லிவையுங்கள்: தின்னும் நாயையும் தூங்கும் நாயையும் தொடக்கூடாது; நாயைக் கட்டிப்பிடிக்கக் கூடாது; எழுந்து விலகிப் போகும் நாயின் பின்னால் போகக் கூடாது. எட்டு வயதுப் பிள்ளை இவற்றை நன்றாகவே கடைப்பிடிக்கும். இருந்தாலும் எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும், முதல் சில மாதங்களுக்குப் பெரியவர் ஒருவர் இல்லாமல் இருவரையும் ஒரே அறையில் விட வேண்டாம்.

நாயை அடக்கி, நீங்கள்தான் தலைவர் என்று காட்ட வேண்டும் என்று பலர் உங்களுக்குச் சொல்வார்கள். காட்சிசாலையில் அடைத்துவைத்த ஓநாய்களை 1940-களில் கவனித்ததிலிருந்து பரவிய கருத்து அது. இயற்கையில் வாழும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பமே என்று டேவிட் மெக் என்ற ஆய்வாளர் 1999-ல் எழுதியபிறகும் அது ஓயவில்லை. அதேபோல், செருப்பைக் கடித்துவிட்டு நாய் குற்ற உணர்வோடு பார்க்கிறது என்பார்கள். 2009-ல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் நடத்திய ஆய்வில், தவறு செய்த நாயும் செய்யாத நாயும் உரிமையாளர் அதட்டியபோது அதே முகத்தைத்தான் காட்டின. மாலையில் வீடு திரும்பிக் காலையில் நடந்ததற்கு அதட்டினால், நீங்கள் வீட்டுக்கு வருவதே ஆபத்து என்றுதான் அது கற்றுக்கொள்ளும்.

தனிமைக்கும் பயிற்சி வேண்டும். புது நாய் வந்தால் முதல் வாரம் யாராவது ஒருவர் விடுப்பு எடுக்க முடியுமா என்று பாருங்கள். ஒரு நிமிடம் வெளியே போய்த் திரும்புங்கள், பிறகு ஐந்து நிமிடம், பிறகு அரை மணி நேரம் என்று நீட்டுங்கள். அது பதறும் அளவுக்கு ஒருமுறையும் நீட்டாதீர்கள். அதன்பிறகும் ஏழெட்டு மணி நேரம் ஒரே மூச்சாகத் தனியே விடுவது சரியல்ல. இடையில் ஒருவர் வந்து அதை வெளியே அழைத்துப்போக ஏற்பாடு செய்யுங்கள். அப்படி ஓர் ஏற்பாடு இயலாதென்றால், நாய் எடுப்பதையே சில ஆண்டுகள் தள்ளிப்போடுவது அதற்கும் உங்களுக்கும் நல்லது என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

நாயைப் பார்க்கப் போகும்போது மகளையும் அழைத்துச் செல்லுங்கள். முடிவை மட்டும் அன்றே எடுக்காதீர்கள். வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு நேரங்களில் இரண்டு மூன்று முறை போய்ப் பாருங்கள். உங்கள் மகள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அது தானாக அருகில் வருகிறதா, கையிலிருந்து ஏதாவது விழுந்து சத்தம் கேட்டால் எவ்வளவு நேரத்தில் இயல்புக்குத் திரும்புகிறது, தின்னும்போது யாராவது அறைக்குள் வந்தால் உடம்பு விறைக்கிறதா என்று கவனியுங்கள். இப்போது வளர்ப்பவரிடம், பகலில் அதைத் தனியே விட்டிருக்கிறார்களா, குழந்தைகள் உள்ள வீட்டில் இருந்திருக்கிறதா, இதற்குமுன் யாரையாவது கடித்திருக்கிறதா, ஏன் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். கொண்டுவருவதற்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, தடுப்பூசி விவரங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் சாக்லேட், திராட்சை, வெங்காயம் ஆகியவற்றை அதற்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். மூன்றுமே நாய்க்கு நஞ்சு.