வெள்ளிக்கிழமை ஆல்பம்: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து எழுதுகிறேன். பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்த நாங்கள் பத்துப் பேர் இன்னும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். போன தீபாவளிக்குப் பிறகு அதில் ‘வெள்ளிக்கிழமை ஆல்பம்’ என்று ஒன்றைத் தொடங்கினேன். வாரம் ஒரு ஆல்பத்தின் லிங்க், கூடவே நாலு வரி அறிமுகம். ஜாஸ், ராக், ஹிந்துஸ்தானி, இளையராஜா சாரின் தனி ஆல்பங்கள் என்று தேடித் தேடிப் போட்டேன். பெரிய பத்திரிகைகளின் ‘தலைசிறந்த நூறு’ பட்டியல்களையும் விடவில்லை. கட்டைவிரல், நெருப்பு, ‘அப்புறம் கேக்குறேன்டா’, இவ்வளவுதான் பதில்.

சென்ற மாதம் செங்காங்கில் ஒருவன் வீட்டில் எல்லாரும் கூடினோம். பேச்சோடு பேச்சாக விசாரித்தால் ஒருத்தரும் ஒன்றையும் முழுதாகக் கேட்டிருக்கவில்லை. ஒருவன் மட்டும் “அந்த நத்திங் பட் விண்ட் சூப்பர்டா, வரிகள் அருமை” என்றான். அது புல்லாங்குழல் ஆல்பம் சார். வரியே கிடையாது.

முப்பத்திரண்டு வாரம் வீணாய்ப் போன மாதிரி இருக்கிறது. நிறுத்திவிடவா? இல்லை, எப்படிச் சொன்னால் கேட்பார்கள்?

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

‘வரிகள் அருமை’ என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. சில வாரங்களுக்கு முன் நண்பர் ஒருவர் அனுப்பிய கச்சேரிப் பதிவுக்கு நானும் ‘அபாரம்’ என்று போட்டேன். இன்னும் திறக்கவில்லை. அவர் இந்தப் பக்கத்தைப் படிப்பவர். இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு கணக்கு. ஆல்பம் ஒன்று முக்கால் மணி நேரம், கேட்க ஒன்பது பேர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர்களிடம் நீங்கள் கேட்பது ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. உங்களுக்கு ஆகும் செலவு லிங்க்கை ஒட்டுகிற இரண்டு நொடி. நாலு வரி அறிமுகம் எழுத மெனக்கெட்டிருப்பீர்கள், சரி. ஆனால் அந்த நாலு வரி ஆல்பத்தைப் பற்றியது. படிக்கிறவன் அதில் எங்கேயும் இல்லை.

1988இல் எனக்கு தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவப் பணி. முகாமில் என் படுக்கைக்குப் பக்கத்துப் படுக்கை ஒரு ஹொக்கியன் சீனப் பையனுடையது. நான் வாக்மேனில் தமிழ்ப் பாட்டு கேட்டுக்கொண்டே தலையாட்டுவதைப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டான்: “உங்க பாட்டுல பேச்சு இல்லாதது ஏதாவது இருக்கா? மொழி புரியாம எத்தனை நாள்தான் தலையாட்டுறது?” சிராங்கூன் சாலை கேசட் கடையில் வாங்கிய ‘ஹௌ டு நேம் இட்’ என்னிடம் இருந்தது. 1986இல் வந்த ஆல்பம், தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் ராஜா செய்த சமர்ப்பணம், வி.எஸ். நரசிம்மனின் வயலின். வார விடுப்பில் வீட்டுக்குப் போனபோது 90 நிமிட வெற்று டேப் ஒன்றின் ஏ பக்கத்தில் அதைப் பதிந்தேன். டபுள் டெக்கில் வேகமாகப் பதிகிற பொத்தான் உண்டு. அப்படிப் பதிந்தால் சத்தம் மங்கும் என்று அண்ணன் பயமுறுத்தியிருந்ததால், பக்கத்திலேயே உட்கார்ந்து முழுதும் ஓடவிட்டேன். ஒவ்வொரு துண்டும் முடியும்போது ‘இது அவனுக்குப் பிடிக்குமா’ என்று யோசித்தது நினைவிருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து அதே டேப் திரும்பி வந்தது. பி பக்கத்தில் அவன் அண்ணனின் எல்பி இசைத்தட்டிலிருந்து ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’வைப் பதிந்திருந்தான். ஆல்பத்தின் பெயர்கூட எழுதவில்லை. அட்டையில் பென்சிலால் ஒரே வரி: ‘காவல் முடிஞ்சு வந்து, தூங்குறதுக்கு முன்னாடி.’

அப்படியே செய்தேன். விடியற்காலை மூன்று மணி. பூட்ஸைக்கூட முழுசாகக் கழற்றவில்லை. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, மேலே மின்விசிறி. முதலில் பேஸ் வாத்தியம் ஏதோ சொல்கிறது, மற்றவர்கள் சேர்ந்து ‘ம்’ கொட்டுகிறார்கள். கிராமத்துத் திண்ணையில் கதை கேட்கிற மாதிரி. ஜாஸ் என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. பகலில், கோப்பிக்கடையில், பத்துப் பேர் நடுவே கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் நிறுத்தியிருப்பேன். என் உடம்பு எந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அதே காவலை அவனும் முந்தின இரவு பார்த்தவன்.

உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது ஒன்று, ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அங் மோ கியோ வீட்டில் என் அண்ணன் அந்த டேப்போடு சேர்ந்து காசியோ கீபோர்டு வாசித்துப் பார்த்தார். கல்யாண மெல்லிசைக் குழுவில் வாசித்தவர், காது கெட்டி. முதல் மூன்று உருப்படிகளும் சுருதி ஒட்டவில்லை, ஏதோ அரைக்கால் வீசம் ஏறி நின்றது. “உன் பிளேயர் வேகமா ஓடுதுடா” என்றார். ஆனால் கடைசி இரண்டும் கச்சிதமாக ஒட்டின. பிளேயர் கோளாறென்றால் அது எப்படி? பல வருடம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. 1959இல் அந்த முதல் மூன்றையும் பதிந்த நாளில் ஸ்டுடியோவின் டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் ஓடவிட்டபோது சுருதி ஏறிவிட்டது. எல்பியின் முதல் பக்கம் முழுவதும் அந்தத் தப்போடுதான் உலகம் சுற்றியது. 1992 மறுவெளியீட்டில்தான் திருத்தினார்கள். அண்ணன் அன்று ஜெயித்த மாதிரி சிரித்தார்.

அந்தப் பையன் ஒருநாளும் “கேட்டியா, எப்படி இருந்துச்சு?” என்று கேட்கவில்லை. காசியோ கதையை நானாகத்தான் போய்ச் சொன்னேன். அவன் என் டேப்பைப் பற்றிச் சொன்னது அதற்கும் பிந்தி, முகாமை விட்டு வெளியேறும் வாரத்தில்: “அந்த வயலின்காரன் சண்டை போடுறானா, கும்பிடுறானான்னு எனக்கு இன்னும் புரியல.” ராஜாவின் அந்த ஆல்பத்தைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இதைவிடச் சரியாகச் சொன்னதில்லை.

கேசட் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. எனக்கு வந்தும் கேட்காமல் போன டேப்புகள் இரண்டு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. வீடு மாறும்போது குப்பைக்குப் போயின. ஆனால் ஒருவருக்கு ஒரு பக்கம் பதிந்து கொடுக்க, கொடுப்பவன் முதலில் தன் முக்கால் மணியைக் கொடுத்தாக வேண்டும். இயந்திரமே அப்படி. இணையத்தில் பாட்டு கேட்கிற ஸ்பாட்டிஃபை 2013இல் சிங்கப்பூருக்கு வந்தபோது நானும் துள்ளினேன், ஒவ்வொரு சிடிக்கும் இருபது வெள்ளி கொடுத்து ஓய்ந்தவன். அதில் தொலைந்தது அந்த முன்பணம்தான்.

ஆகவே குழுவில் போடுவதை நிறுத்துங்கள். கொடுப்பதை நிறுத்த வேண்டாம். ஒன்பது பேரில் ஒருவரை எடுங்கள். அவர் எம்ஆர்டி ரயிலில் எத்தனை நிமிடம் போகிறார், பிள்ளைகள் எத்தனை மணிக்குத் தூங்கும், அண்மையில் யாரை இழந்தார், இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எந்தப் பத்திரிகைப் பட்டியலுக்கும் தெரியாது. ‘தலைசிறந்த நூறு’ என்பதில் உங்கள் பங்கு என்ன இருக்கிறது? அதை அவர்களே தேடிக்கொள்வார்கள். முழு ஆல்பமும் வேண்டாம், எல்பியின் ஒரு பக்க அளவு போதும். இருபது நிமிடம் சொச்சம். ஈசூனிலிருந்து சிட்டி ஹால் போவதற்குள் முடிந்துவிடும்.

வரிசை குலையாமல் கேட்கச் சொல்லுங்கள். ராஜாவின் அந்த ஆல்பத்தில் ‘பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்’ என்று ஒரு உருப்படி, அடுத்ததன் பெயர் ‘பிறகு நாங்கள் பேசினோம்’. வரிசையைக் கலைக்கிற ஷஃபிளில் போட்டால் வந்தவர் வாசலுக்கு வருமுன்னே பேச்சு முடிந்திருக்கும். பாடகி அடெல் கேட்டுக்கொண்டதற்காக 2021இல் ஸ்பாட்டிஃபைக்காரர்களே ஆல்பம் பக்கத்தில் ஷஃபிளை முன்னால் வைப்பதை மாற்றிக்கொண்டார்கள். ஒரு நண்பர் நமக்காக இதைச் செய்ய மாட்டாரா?

அனுப்பிய பிறகு விசாரிக்காதீர்கள். இது ரொம்பக் கஷ்டம், எனக்கும் வராது. விசாரித்தால் ‘சூப்பர்டா’தான் கிடைக்கும்.

முப்பத்திரண்டு வாரம் வீண் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் முப்பத்திரண்டு ஆல்பம் கேட்டிருக்கிறீர்களே. (கேட்டுவிட்டுத்தானே அனுப்பினீர்கள்?)

‘வரிகள் அருமை’ என்றவரிலிருந்து தொடங்குங்கள். மற்ற எட்டுப் பேரும் கட்டைவிரலோடு முடித்துக்கொண்டார்கள். உங்கள் மனம் நோகக்கூடாதென்று கொஞ்சம் மெனக்கெட்டுப் பொய் சொன்னவர் அவர் ஒருவர்தான். ஒரு சனிக்கிழமை மாலை வீட்டுக்குக் கூப்பிட்டு, ஒரு தே தாரே போட்டுக் கொடுத்து, அதே நத்திங் பட் விண்டை ஓடவிடுங்கள். ஹரிபிரசாத் சௌராசியா மூச்சு எடுப்பது காதில் விழுகிற அளவுக்குச் சத்தம் வையுங்கள். நீங்களும் கூடவே உட்காருங்கள், கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு.

எந்த வரி பிடித்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

அன்புடன்.