சிபாப் ஹோஸ் இழுக்கிறதா? மாஸ்க் பட்டியை இறுக்காதீர்கள்

கேள்வி: என் கணவருக்கு 56 வயது. உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று வைத்தியர், ஹோஸ் (குழாய்) வழியாக மாஸ்க்குக்குள் காற்றைத் தள்ளும் சிபாப் மெஷின் பாவிக்கச் சொன்னார். மகன் கனடாவிலிருந்து ஒன்று அனுப்பினான். குறட்டை நின்றது உண்மை. ஆனால் இவர் புரண்டு புரண்டு படுக்கிறவர். திரும்பினால் ஹோஸ் இழுபடுகிறது, மாஸ்க் விலகிக் கண்ணுக்குள் காற்று அடிக்கிறது. பட்டியை இறுக்கினால் மூக்குத்தண்டு புண்ணாகிறது. சில நாள் ஹோஸ் கழுத்தைச் சுற்றிக் கிடக்கும், எனக்கு நெஞ்சு திக்கென்று இருக்கும். நுளம்பு வலை இல்லாமல் எங்கள் பக்கம் படுக்கவும் முடியாது. ஏசி போட்ட நாளில் ஹோஸுக்குள் தண்ணீர் களகளக்கிறது. இரண்டு மணிக்கெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டுப் படுக்கிறார். என்ன செய்யலாம்?
(காரைதீவிலிருந்து ஒரு வாசகி)

பதில்: முதலில் கழுத்துப் பயத்தைப் பார்த்துவிடுவோம். ஹோஸ் எடை குறைந்த, வளையம் வளையமாக மடிப்பு வைத்த பிளாஸ்டிக் குழாய். மாஸ்க்கோடு அது திருகிப் பூட்டப்படவில்லை, சொருகித்தான் இருக்கிறது. பலமாக இழுபட்டால் கழன்றுவிடும். தன் கையால் மாஸ்க்கைக் கழற்றக்கூடிய பெரியவருக்கு இதில் ஆபத்து மிகக் குறைவு. பாரிசவாதத்தில் கை வழங்காதவர்கள், உறக்க மாத்திரை எடுப்பவர்கள், சிறு பிள்ளைகள் விஷயம் வேறு. அவர்களுக்கு இந்த ஆறுதலைச் சொல்ல மாட்டேன், வைத்தியரோடு கதைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கழுத்தைவிட எனக்குக் கவலை தருவது அந்த இரண்டு மணிதான். கனவு காணும் உறக்கம் இரவின் பிற்பகுதியில்தான் அதிகம் வரும். அப்போது தொண்டைத் தசைகள் இன்னும் தளர்ந்து போவதால், பலருக்கு மூச்சுத்தடை மோசமாவதும் அந்த நேரத்தில்தான். உங்கள் கணவர் முன்னிரவில் மெஷினோடு படுத்து, அது அதிகம் தேவைப்படும் விடியப்புறத்தில் அது இல்லாமல் படுக்கிறார். அதனால் "பாதி இரவாவது போடுகிறாரே" என்று விட்டுவிடாதீர்கள்.

இனிப் பட்டி. மாஸ்க்கின் ஓரத்தில் இருக்கும் மெல்லிய சிலிக்கன் விளிம்பு, மெஷினிலிருந்து வரும் காற்றால் லேசாக உப்பி முகத்தில் ஒட்டுகிறது. உப்புவதற்கு அதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும். பட்டியை இறுக்க இறுக்க அந்த விளிம்பு நசுங்கி மடிந்து, ஒழுக்கு கூடத்தான் செய்யும். மூக்குத்தண்டு புண்ணானது மட்டும் மிச்சம். சிட்னியில் வைத்தியர் கொலின் சலிவன் 1980இல் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியபோது, ஒவ்வொருவர் முகத்துக்கும் அளவெடுத்துச் செய்த மாஸ்க்கை இரவுதோறும் பசை போட்டு ஒட்டினார்களாம். இன்றைய மாஸ்க்குக்கு அந்தப் பிடி தேவையே இல்லை. மெஷினைப் போட்டு, மல்லாக்கப் படுத்து, காற்று வந்துகொண்டிருக்கும்போதே பட்டியை ஒழுகும் வரை தளர்த்திவிட்டு, ஒழுக்கு நிற்கும் இடம் வரை மட்டும் திரும்ப இறுக்குங்கள். இருந்துகொண்டு அளவு பார்த்தால் சரிவராது. படுத்தால் கன்னமும் தாடையும் வேறு மாதிரி சரியும்.

குற்றம் மாஸ்க்கிலா ஹோஸிலா என்று கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. அவர் மாஸ்க் போட்டுப் படுத்திருக்கும்போது, மாஸ்க்கிலிருந்து ஒரு சாண் தள்ளி ஹோஸை உங்கள் கையால் தூக்கிப் பிடியுங்கள். அதன் பாரம் துளியும் முகத்தில் விழக்கூடாது. இப்போது அவரை இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்பச் சொல்லுங்கள். ஒழுக்கு நின்றால் மாஸ்க் நல்லது, ஹோஸின் இழுவைதான் பிரச்சினை. அப்போதும் ஒழுகினால் மாஸ்க்கின் அளவு பிழை, அல்லது சிலிக்கன் பழசாகிவிட்டது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதலாவதுதான் என்று நினைக்கிறேன், ஆனாலும் செய்து பாருங்கள். இதைச் செய்யாமல் புது மாஸ்க் வாங்கிக் காசைக் கொட்டியவர்கள் நிறையப் பேர்.

சோதனையில் உங்கள் கை செய்த வேலையை இரவு முழுக்க வேறொன்று செய்ய வேண்டும். அதற்கு இரண்டு வழி உண்டு, எது சரி என்பது அறையைப் பொறுத்தது.

ஏசி போடாத அறை என்றால் மேலால் கொண்டுபோங்கள். கட்டிலின் தலைமாட்டில், தலையணைக்கு மேலே ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு அடி உயரத்தில் ஒரு கொளுக்கி. மெஷின் இருக்கும் பக்கமாக இல்லாமல், அவர் படுக்கும் இடத்துக்கு நேரே நடுவில் வர வேண்டும். ஓரத்தில் அடித்தால் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் இழுக்கும். கொளுக்கியில் ஹோஸை நேரே மாட்டினால் மடிந்து காற்றுத் தடைப்படலாம். இரண்டு விரல் அகலத் துணி நாடாவாலோ வெல்க்ரோ பட்டியாலோ தொட்டில் மாதிரி ஒரு வளையம் செய்து, அதற்குள் ஹோஸ் முன்னும் பின்னும் வழுக்கும்படி விடுங்கள். கம்பி, இறப்பர் பாண்ட் வேண்டாம்.

நீளத்தையும் கணக்குப் பாருங்கள். வழக்கமான ஹோஸ் 1.8 மீற்றர், அதாவது ஆறடி. மெஷினிலிருந்து கொளுக்கிக்கு மூன்றடி போனால் மிச்சம் மூன்றடி அவர் புரள்வதற்குக் கிடைக்கும். அது போதும். ஆனால் மெஷினைத் தூர மேசையில் வைத்தால் இந்தக் கணக்கு குழம்பிவிடும். தலைமாட்டுக்குப் பக்கத்திலேயே, மெத்தை மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு ஸ்டூலில் வையுங்கள். எட்டாவிட்டால் 3 மீற்றர் ஹோஸ் விற்கிறார்கள். இரண்டு ஹோஸைப் பொருத்தி நீட்டாதீர்கள், அழுத்தம் குறையும், இணைப்பிலும் ஒழுகும். வழக்கமான ஹோஸை 22 மில்லிமீற்றர் ரகம் என்பார்கள். 15 மில்லிமீற்றர் மெல்லிய ரகமும் உண்டு, எடை குறைவு, புரள்கிறவர்களுக்கு உண்மையிலேயே சுகம். ஆனால் சில மெஷின்களில் ஹோஸின் ரகத்தை மெஷினுக்குச் சொல்லி வைக்க வேண்டும், இல்லையென்றால் அது அழுத்தத்தைக் கணக்கிடுவது பிசகும். எந்த மெஷினுக்கு எது பொருந்தும் என்று மகனிடம் விசாரிக்கச் சொல்லுங்கள்.

ஏசி போடும் நாளில் மேல்வழியில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. மெஷினின் தண்ணீர்த் தட்டில் சூடாகி ஈரமேறிய காற்று, குளிர்ந்த ஹோஸுக்குள் போகும்போது நீராகப் படிகிறது. நீங்கள் கேட்கும் களகளப்பு அதுதான். ஹோஸ் மேலே ஏறி இறங்கினால், கொளுக்கிக்கு இந்தப் பக்கம் படியும் தண்ணீர் நேரே மூக்குக்குத்தான் வழியும். இரண்டு மணிக்கு முகத்தில் குளிர்ந்த தண்ணீர் விழுந்தால் யார்தான் கழற்றாமல் இருப்பார்! ஆகவே ஏசி அறைக்குக் கீழ்வழி. ஹோஸை நெஞ்சுப் பக்கமாக இறக்கி, போர்வைக்குள் உடம்போடு கொண்டுபோய், கட்டில் ஓரத்தால் மெஷினுக்கு விடுங்கள். உடம்புச் சூட்டில் ஹோஸ் குளிராது. மெஷின் தலையைவிடத் தாழ்வாக இருப்பதால் படிகிற கொஞ்சமும் திரும்பத் தட்டுக்கே வடியும். பெனியனில் ஒரு துணிக் கிளிப்பால் தளர்வாகப் பிடித்துவிட்டால், இழுவை முகத்துக்குப் போகாமல் நெஞ்சோடு நின்றுவிடும். ஒன்று மட்டும் கவனம்: மாஸ்க்கின் முன்பக்கம் இருக்கும் பொடித் துளைகள் வெளிவிடும் மூச்சு போவதற்கானவை. போர்வை அவற்றை மூடக்கூடாது.

பழைய சாரத்தை நீளமாகக் கிழித்து உறையாகத் தைத்து ஹோஸுக்குப் போடலாம். குளிரையும் கொஞ்சம் தடுக்கும், பிளாஸ்டிக் தோலில் உரசுவதும் இருக்காது. கடையில் இதையே நல்ல விலைக்கு விற்கிறார்கள்! உள்ளே மின்கம்பி ஓடும் சூடேற்றும் ஹோஸ் இருந்தால் மேலே சொன்ன வில்லங்கம் பெரும்பாலும் தீர்ந்துவிடும், ஆனால் அது அந்தந்த மெஷினுக்கென்றே வருவது. பாயில் படுக்கிறவர்களுக்கு மெஷினைத் தலையைவிடத் தாழ்வாக வைக்க வழியில்லை. அவர்கள் ஈரப்பத அளவைக் குறைத்துவிட்டு, மெஷினை ஒரு பலகை மீது வைக்க வேண்டும். தரையோடு வைத்தால் நம் ஊர்க் கடற்கரை மணலும் தூசியும் வடிகட்டியை அடைத்துவிடும்.

நுளம்பு வலைக்கு வருவோம். மெஷின் வலைக்கு வெளியே, ஹோஸ் மட்டும் உள்ளே. வலை மெஷினின் காற்று உள்வாயில் ஒட்டிக்கொள்ளாதபடி ஒரு சாண் இடைவெளி விடுங்கள். வலையை மெத்தைக்குக் கீழே சொருகும் இடத்தால் ஹோஸை விட்டால் மெத்தை நசுக்கும், இடைவெளியால் நுளம்பும் வரும். தையல்காரரிடம் கொடுத்து, தலைமாட்டுப் பக்க வலையில் கை நுழையும் அளவு துளையிட்டு, அதில் அரை அடி நீளத் துணிக் கை ஒன்றைத் தைக்கச் சொல்லுங்கள். ஹோஸை அதனூடாக எடுத்து நாடாவால் மெதுவாகக் கட்டிவிடலாம். கொளுக்கி வலைக்கு உள்ளே, கட்டில் சட்டத்திலோ சுவரிலோ இருக்கட்டும். மேலே வட்ட வளையத்தில் தொங்கும் வலை என்றால், அந்த வளையத்தில் ஹோஸை ஒருநாளும் மாட்டாதீர்கள். அவர் புரளும் ஒவ்வொரு முறையும் வலை முழுதும் ஆடி, ஓரம் மெத்தையை விட்டு வெளியே வந்துவிடும்.

அந்த அறையில் நுளம்புச் சுருளும் கொளுத்த வேண்டாம். மெஷின் அறைக் காற்றை இழுத்து நேரே நுரையீரலுக்குத் தள்ளுகிறது. வடிகட்டி தூசியைப் பிடிக்கும், புகையின் நெடியை விட்டுவிடும். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிக்கும் இதேதான். அதைப் பின்னேரத்திலேயே போட்டு, படுக்க முன் யன்னலைத் திறந்துவிடுங்கள்.

ஈரப்பத அளவை ஒரே எண்ணில் ஆண்டு முழுக்க வைத்திருப்பது நம் கரைக்குப் பொருந்தாது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது மூக்கும் தொண்டையும் வறண்டுவிடும், அப்போது கூட்ட வேண்டும். மாரியில் காற்றே நனைந்துதான் இருக்கும். ஏசி இல்லாவிட்டால் மிகக் குறைத்தும் வைக்கலாம், சிலருக்குச் சூடேற்றலே தேவைப்படாது. இதை நீங்களே மாற்றலாம். காற்றழுத்தம் மட்டும் வைத்தியர் வைத்தபடி இருக்கட்டும். தட்டுக்குக் காய்ச்சி வடித்த நீர் நல்லது, அது இல்லாத நாளில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர். கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றினால் உப்புப் படியும். கார் பற்றறிக்கு ஊற்றும் தண்ணீர் வேண்டவே வேண்டாம். தண்ணீரோடு மெஷினைச் சரித்துத் தூக்காதீர்கள், மோட்டருக்குள் போய்விடும். ஹோஸைக் கிழமைக்கு ஒரு முறை இளஞ்சூட்டுத் தண்ணீரிலும் மிதமான சவர்க்காரத்திலும் கழுவி, நிழலில் தொங்கவிட்டால் சரி.

இவ்வளவும் செய்து இரண்டு கிழமையில் தேறாவிட்டால், ஹோஸ் முகத்துக்கு முன்னால் வராமல் உச்சந்தலையில் இணையும் மாஸ்க்கைக் கேட்டுப் பாருங்கள். ரெஸ்மெட்டின் ஏர்ஃபிட் என்30ஐ, பிலிப்ஸின் ட்ரீம்வேர் எல்லாம் அந்த ரகம். புரண்டு படுக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், ஆனால் உங்களிடம் இருக்கும் மாஸ்க்கை ஒழுங்காகத் தொங்கவிட்டுப் பார்க்காமல் செலவு செய்ய வேண்டாம் என்பதால் கடைசிக்கு வைத்தேன். சில மாஸ்க்குகளின் பட்டிக் கிளிப்பில் காந்தம் இருக்கும். அவருக்கோ பக்கத்தில் படுக்கும் உங்களுக்கோ இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் காந்தம் இல்லாததுதான் வாங்க வேண்டும்.

மகன் அனுப்பியது பாவித்த மெஷினா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பிலிப்ஸ் நிறுவனம் உள்ளே இருக்கும் சத்தம் குறைக்கும் நுரை பழுதாகிறது என்று 2021 ஜூனில் முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் உட்படப் பல மெஷின்களைத் திரும்பப் பெற்றது. அந்தக் காலத்து மெஷின் என்றால், அடியில் இருக்கும் தொடர் இலக்கத்தை வைத்து மகன் அங்கே சரிபார்க்கலாம். அதுவரை அவராகவே மெஷினை நிறுத்திவிட வேண்டாம், வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பெரும்பாலான மெஷின்களின் திரையில் காலையில் எத்தனை மணிநேரம் போட்டார், மாஸ்க் ஒழுகியதா என்பது தெரியும். கலண்டரில் அந்தந்த நாளுக்கு நேரே அந்த மணிநேரத்தையும், ஏசி போட்டதா இல்லையா என்பதையும் குறித்து வாருங்கள். மாஸ்க் ஒழுகாமலே இரண்டு மணிக்குக் கழற்றுகிறார் என்றாலோ, முழு இரவும் போட்டும் பகலில் தூங்கி விழுகிறார் என்றாலோ, குறை ஹோஸில் இல்லை. அடுத்த கிளினிக்குக்கு அந்தக் கலண்டரையும் மெஷினையும் கொண்டுபோங்கள், அழுத்தத்தை மாற்ற வேண்டுமா என்று வைத்தியர் பார்ப்பார்.