கவிதை எழுதும் மகளுக்கு என்ன வேலை?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் இரண்டு பயங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஓ.எல். (சாதாரண தர) பரீட்சையில் 8 ஏ எடுத்த பிள்ளை உயர்தரத்தில் பயோ, அதாவது உயிரியல் பிரிவு, படிக்காமல் கலைப்பிரிவுக்குப் போகிறாளே என்பது ஒன்று. கவிதையும் கதையும் எழுதியே வாழப்போகிறேன் என்கிறாளே என்பது மற்றது. முதலாவதைப் பற்றி நான் அவ்வளவு யோசிக்கமாட்டேன். இரண்டாவதைப் பற்றித்தான் கொஞ்சம் கதைக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் கவிதைப் புத்தகம் விற்று அரிசி வாங்கிய ஒருவரை நான் இன்னும் காணவில்லை. முந்நூறு பிரதி அடிப்பார்கள், காசு எழுதியவருடையது. வெளியீட்டு விழாவில் சொந்தக்காரரும் கூடப் படித்தவர்களும் கடித உறையில் வைத்துக் கொடுப்பதில் அச்சகக் கடன் தீர்ந்தால் பெரிய காரியம். மிச்சப் பிரதிகள் கட்டிலுக்குக் கீழே போகும். இதை நீங்கள் சொன்னால் வீட்டில் சண்டை வரும், கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் சொல்கிறேன்.

சரி, அப்படியென்றால் எழுத்தை விடச் சொல்வதா? எங்கள் பெரிய எழுத்தாளர்கள் எதில் சாப்பிட்டார்கள் என்று பாருங்கள். ஈழத்துக் கவிஞர் மஹாகவி அரச உத்தியோகத்தர். டொமினிக் ஜீவா சலூன்காரர், 1966இல் மல்லிகை சஞ்சிகையைத் தொடங்கியவரும் அவர்தான். அ. முத்துலிங்கம் கணக்காளர். ஆகவே மகளிடம் ஒன்று கேளுங்கள்: எந்த வேலைக்குப் போய்வந்தால் பின்னேரம் ஆறு மணிக்கும் உனக்கு எழுத மனம் மிஞ்சும்? பதில் சொல்ல அவளுக்கு ஒரு மாதம் கொடுங்கள்.

ஆசிரியத் தொழில்தான் உங்கள் மனதில் இருக்கும். நல்லதுதான், ஆனால் கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு இரவு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும், நானும் இருந்து பார்த்தவன். பத்திரிகை வேலையில் சம்பளம் குறைவு, இரவு விழிப்பு அதிகம். ஒரு நன்மை, குறித்த நேரத்துக்குள் எழுதி முடிக்கப் பழக்கிவிடும்.

நான் அதிகம் சொல்வது மொழிபெயர்ப்பு. அரசியலமைப்புக்கு 1987ஆம் ஆண்டு வந்த 13ஆவது திருத்தத்தோடு இலங்கையில் தமிழும் அரச கரும மொழி. சட்டப்படி சுற்றுநிருபமும் படிவமும் தமிழிலும் வர வேண்டும், ஆனால் சிங்களமும் தமிழும் ஒருசேர நன்றாகத் தெரிந்தவர்கள் போதாது. பிழையான தமிழில் தொங்கும் அறிவிப்புப் பலகைகளைப் பார்த்து நாங்கள் சிரிக்கிறோம், அது ஒரு வேலை வெற்றிடம் என்று யாரும் நினைப்பதில்லை. ஒரு சொல்லுக்குப் பத்துச் சொல் தேடும் பிள்ளைக்கு இது பொருந்தும். ஆனால் சிங்கள வகுப்பை இப்போதே தொடங்க வேண்டும். ரியூசன் காசில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்குங்கள்.

இன்னொன்று, நீங்கள் சிரிக்கக்கூடாது. எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் 31ஆம் நாளுக்கு நினைவு மலர் அடிப்போம், அந்தக் காலத்தில் கல்வெட்டு என்போம். அதற்கு யாரோ பாட்டெழுதுகிறார்கள், காசும் வாங்குகிறார்கள். பெயர்களை மட்டும் மாற்றிப் போட்டு ஒரே பாட்டைப் பத்து வீட்டுக்குக் கொடுக்கிறவர்களும் உண்டு. மகளை ஒன்று எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். செத்த வீட்டில் பாயில் இருந்து கதை கேட்க வேண்டும். ஆச்சி எந்தத் தோட்டத்தில் வெங்காயம் நட்டாள், எந்த வருசம் இடம்பெயர்ந்தாள், கனடாவில் இருக்கும் மகனோடு ஏன் கதைப்பதில்லை, எல்லாம் காதில் விழும். அதில் எதைச் சொல்லலாம், எதை மறைக்க வேண்டும் என்று அவள்தான் முடிவெடுக்க வேண்டும். வெண்பா தளை தட்டக்கூடாது. முப்பத்தோராம் நாள் தள்ளிப்போகாது. கதை எழுத இதைவிட நல்ல பயிற்சி கம்பசில்கூடக் கிடைக்காது என்பது என் எண்ணம்.

கம்பஸ் என்றவுடன் உயர்தரப் பாடத் தெரிவையும் சொல்லிவிடுகிறேன். தமிழ், நாடகமும் அரங்கியலும், மூன்றாவதாகப் புவியியல் எடுக்கட்டும். கம்பஸ் அனுமதிக்குப் பார்க்கும் இசட் ஸ்கோர் புள்ளி நன்றாக வந்தால் திருநெல்வேலியில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடச் சிறப்புக் கலைமாணி படிக்கலாம். அதற்கு மேல் பட்டம் தானாக வேலை தரும் என்று நம்ப வேண்டாம். 2017இல் வேலையில்லாப் பட்டதாரிகள் வேலை கேட்டுக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, முன்னால் மாதக்கணக்கில் இருந்தார்கள், நீங்களும் அந்த வழியால் போயிருப்பீர்கள். அதனால்தான் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் இப்படி வற்புறுத்துகிறேன். அவளுக்கு உண்மையில் பயோதான் பிடிக்கும் என்றால் அதையே படிக்கட்டும், கவிதை எங்கும் ஓடாது. உங்களுக்காக மட்டும் படித்தால் இரண்டும் கெடும்.

வாசிப்பதற்குக் காசு வேண்டியதில்லை. பொது நூலகம் பக்கத்தில் இருக்கிறது, ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் ஈழத்துப் புத்தகங்களும் பழைய சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசம்.

அவளுடைய கொப்பியை ஒளித்து வாசித்ததாகவும் எழுதியிருந்தீர்கள். சனிக்கிழமை வரும்போது அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆனால் அவளாகத் தந்தால்தான் நான் திறப்பேன், நீங்களும் அதுவரை தொட வேண்டாம்.