இடைக்கால ஜீவனாம்சம் எந்தத் தேதியிலிருந்து?

கேள்வி: கணவர் விவாகரத்து வழக்குப் போட்டிருக்கிறார். நான் இடைக்கால ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டு 8 மாதமாக வாய்தா மேல் வாய்தா. தாமதமான மாதங்களுக்குப் பணம் கிடைக்காதா?

பதில்: கிடைக்கும், கவலைப்படாதீர்கள். 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்து திருமணச் சட்டம் 24-ஆவது பிரிவில் போட்டிருந்தால், எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து முடிந்தவரை 60 நாளுக்குள் மனுவை முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, நடப்பது வேறு என்பதுதான் வேதனை.

சரி, இப்போது பாருங்கள், இரண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாம் காட்டி பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தாக வேண்டும். அவர் செய்யவில்லையா? பல வழக்குகள் அங்கேதான் நிற்கின்றன, அடுத்த வாய்தாவில் வக்கீலை விட்டு அதை எழுப்பச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் வாடகை ரசீது, பிள்ளையின் பள்ளிக் கட்டணச் சீட்டு, மருந்து பில், வங்கிப் பாஸ்புக் நகல் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே ஃபைலில் கோத்து வையுங்கள். அப்புறம், அலுத்துப்போய் விவாகரத்து வழக்கின் வாய்தாவுக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள், நீங்கள் இல்லாமலேயே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வந்துவிடும்.