வட்ட முகத்துக்கு லேயர் கட் பொருந்தாதா?

கேள்வி: எனக்கு வட்ட முகம். பாதி முதுகு வரை முடி. நல்ல அடர்த்தி, லேசான அலை அலையான முடி. ஆறு மாதத்துக்கு முன் ஆசைப்பட்டு, முடியைப் படிப்படியாகப் பல நீளங்களில் வெட்டும் லேயர் கட் செய்துகொண்டேன். முன்பக்க முடி சரியாகக் கன்னத்தில் வந்து நின்று, முகம் இன்னும் அகலமாகத் தெரிந்தது. அன்று முதல் முடியைக் கட்டியே வைத்திருக்கிறேன். வட்ட முகத்துக்கு லேயர் ஒத்துவராதா?

பதில்: நன்றாகவே ஒத்துவரும். ஆறு மாதமாக முடியைக் கட்டியே வைத்திருப்பதாக எழுதியதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. உங்கள் முகத்தில் ஒரு குறையும் இல்லை. லேயர் தொடங்கிய இடம்தான் தவறிவிட்டது.

முடியின் நுனி எங்கே முடிகிறதோ, பார்ப்பவர் கண் அங்கேதான் போய் நிற்கும். வட்ட முகத்தில் அகலமான இடம் கன்னம். நுனியும் அங்கேயே முடிந்து, அலை முடி வெளிப்பக்கம் வளைந்தால் கன்னம் இரு பக்கமும் விரிந்ததுபோல்தான் தெரியும். அதே முடி மோவாய்க்குக் கீழே போய் முடிந்தால் பார்வையும் கீழே இறங்கும், முகம் நீண்டு தெரியும்.

ஒரு நல்ல செய்தி: தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். அன்று கன்னத்தில் நின்ற முடி இப்போது மோவாயை நெருங்கியிருக்கும். இன்று தலைக்குக் குளித்து, முடியை விரித்துவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள். பாதி வேலை தானாகவே முடிந்திருக்கலாம்.

அடுத்த முறை பார்லரில், மிகக் குட்டையான லேயர் எங்கே நிற்க வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டுங்கள். உங்களுக்கு அது மோவாய்க்கு மூன்று விரல் கீழே. இதை முடி உலர்ந்திருக்கும்போதே காட்டுவது முக்கியம். ஈர முடி இழுத்தால் நீளும். உலர்ந்ததும் அலை சுருண்டு மேலே ஏறிவிடும். போன முறை மோவாய் அளவுக்கு ஈரத்தில் வெட்டியதுதான் கன்னத்துக்கு ஏறியதோ என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. ஈரத்தில் வெட்டுவதானால் 2, 3 செ.மீ. கூடுதலாக விடச் சொல்லுங்கள். படம் கொண்டுபோகலாம், ஆனால் உங்களைப் போலவே அலை முடி உள்ளவரின் படமாக இருக்கட்டும். நேரான முடியில் அழகாக விழும் வெட்டு உங்கள் முடியில் வேறு மாதிரிதான் உட்காரும்.

அடர்த்தியான முடி என்பதால் உள்பக்கம் கொஞ்சம் கனம் குறைக்கலாம். ஆனால் வேருக்குப் பக்கத்தில் தின்னிங் கத்தரி (அடர்த்தியைக் குறைக்கும், பல் வைத்த கத்தரி) வைக்க விடாதீர்கள். அங்கே நறுக்கிய குட்டை முடி வளரும்போது மேல்முடியைத் தூக்கிக்கொண்டு நிற்கும். தினமும் பின்னல் போடுபவர் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். லேயர் ரொம்பக் குட்டையானால் பின்னலிலிருந்து நுனிகள் பிதுங்கும்.

உங்கள் முகம் வட்டம்தானா என்பதையும் ஒருமுறை அளந்து பார்த்துவிடுங்கள். நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து மோவாய் வரை ஒரு அளவு, கன்ன எலும்புகளுக்குக் குறுக்கே ஒரு அளவு. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்து, தாடை வளைவாக இருந்தால் வட்டம். தாடை கோணமாக இருந்தால் அது சதுரம். அப்போது நுனி தாடை எலும்பில் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நீள முகம் உள்ளவர்களுக்கு, உங்களுக்குச் சரிவராத அந்தக் கன்ன அளவு லேயர்தான் பொருத்தம். நெற்றி அகன்று மோவாய் குறுகியவர்கள் தாடைக்குக் கீழே முடி நிறைந்து தெரியும்படி வெட்டலாம். முகம் எப்படியிருந்தாலும், மெல்லிய முடிக்கு லேயர் அதிகமானால் நுனி எலிவால் ஆகிவிடும். ஒன்றிரண்டு நீள லேயரோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

இனி சீவும் விதம். வட்ட முகத்துக்கு உச்சியில் கொஞ்சம் உயரமும், நடுவிலிருந்து விரல் அகலம் தள்ளி எடுத்த வகிடும் நிறையவே உதவும். குளித்ததும் முடியைத் துண்டால் தேய்க்காமல் அழுத்தி ஒற்றுங்கள். முக்கால்வாசி உலர்ந்த பிறகு, சூட்டிலிருந்து காக்கும் ஸ்ப்ரே அடித்து, டிரையர் காற்றை வேரிலிருந்து நுனி நோக்கிக் காட்டுங்கள். முன்பக்க லேயரை மட்டும் ரவுண்ட் பிரஷில் சுற்றி முகத்துக்கு எதிர்ப்புறமாக இழுத்து, கடைசியில் குளிர்ந்த காற்று கொடுங்கள். சூட்டில் இளகிய முடி எந்த வடிவத்தில் ஆறுகிறதோ அப்படியே நிற்கும், அதனால் ஆறும் வரை பிரஷை உருவ வேண்டாம். டிரையர் வேண்டாம் என்றால், லேசான ஈரத்தில் முன்முடிக்குப் பக்கத்துக்கு ஒரு ரோலர் சுற்றிவிட்டு முழுக்க உலர்ந்ததும் எடுத்தால் போதும். உலர்ந்த அலை முடியைச் சீப்பால் வாராதீர்கள், பொம்மென்று பரந்துவிடும். விரலால் கோதிவிடுங்கள்.

முதலில் கொஞ்சம் நீளமாகவே வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் உங்கள் கையாலேயே சீவிப் பார்த்துவிட்டு, இன்னும் குட்டையாக வேண்டும் என்று தோன்றினால் அப்புறம் போய் வெட்டிக்கொள்ளலாம்.